நெய்யூர் வயிறு, ஒஹையோ பன்றி

1922-ம் வருஷம். எவரெஸ்ட்டில் ஏறப் போய், உச்சியைத் தொட முடியாமல் இறங்கி வந்த ஓர் இங்கிலாந்துக்காரர், நேராக ஊருக்குக் கப்பல் ஏறாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். பார்த்துக்கொண்டே வந்தவர், இதற்குமேல் போனால் கடல்தான் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். இரணியலுக்குப் பக்கத்தில் நெய்யூர் என்றொரு கிராமம்.

அங்கே லண்டன் மிஷன்காரர்களின் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கி வைத்த வைத்தியம். நடுவில் நின்று போய், மறுபடி துளிர்த்து, உலகத்தின் பெரிய மருத்துவ மிஷன்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. வளர்ந்தது கூட்டம்தான். டாக்டர்கள் வளரவில்லை. வந்தவர் எட்டிப் பார்த்தபோது, வாசலில் ஜனம் நிரம்பி வழிகிறது. உள்ளே அறுவை சிகிச்சை படித்த டாக்டர் ஒரே ஒருவர். ஸ்டீபன் பியூ என்று பெயர். ஓய்ந்து போயிருந்தார் மனிதர்.

வந்தவரும் டாக்டர். அதுவும் சர்ஜன். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரி வேலை அவருக்காகக் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு நெய்யூரிலேயே வேலை பார்ப்பது என முடிவு செய்தார். அவர்தான் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்தில் ஷூ கம்பெனி வைத்திருந்த குடும்பம். கேம்பிரிட்ஜ் படிப்பு. முதல் உலகப் போரில், 1916-ல், சோம் யுத்தகளத்தில் ராணுவ டாக்டராக வேலை. அடிபட்டவர்களை வயல்வெளியில் வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். யாரை முதலில் டேபிளில் ஏற்றுவது, யாரை அப்படியே விடுவது என்று தீர்மானிக்கிற வேலை. அதற்கப்புறம் ஒரு மனிதன் லண்டனில் பணக்கார வயிறுகளுக்கு வைத்தியம் பார்க்க விரும்பாவிட்டால் ஆச்சரியமில்லை.

நெய்யூருக்கு வந்த பிறகும் மலை அவரை விடவில்லை. 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4-ம் தேதி, ஏறத்தாழ 28 ஆயிரம் அடியில், ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் போய்க்கொண்டிருந்தவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கூட வந்த நார்ட்டன் தனியாக இன்னும் கொஞ்சம் ஏறி, 28,126 அடியில் திரும்பினார். இறங்கும்போது சோமர்வெல்லுக்கு மூச்சே போகவில்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் போன நார்ட்டன், 'நண்பர் படம் வரைய உட்கார்ந்திருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டார். (நிஜமாகவே நன்றாக வரைவார்.) கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஒரு இருமல். குளிரில் செத்துப்போன தொண்டையின் உள் தோல் கழன்று ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்தது.

நாலு நாள் கழித்து உச்சியை நோக்கிப் போன மலோரியும் இர்வினும் திரும்பவே இல்லை. அவர்கள் எடுத்துப்போன கேமரா சோமர்வெல்லுடையது. 1999-ல் மலோரியின் உடல் கிடைத்தது. 2024-ல் இர்வினின் காலும் பூட்ஸும் கிடைத்தன. கேமரா இன்னும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் உலகம் பூராவும் தேடிக்கொண்டிருக்கும் அந்தக் கேமராவின் சொந்தக்காரர், அப்போதே அதை மறந்துவிட்டு நெய்யூரில் வயிறு கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தார்!

சரி, நம் விஷயம் கேமரா அல்ல, வயிறு.

நாஞ்சில் நாட்டு வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான், நெய்யூர் கல்குளம் தாலுகா அல்லவா என்று கடிதம் எழுதாதீர்கள். நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் தாலுகா பார்த்து யாரையும் உள்ளே விடவில்லை. தென் திருவிதாங்கூர் முழுக்க அங்கேதான் வந்தது. வந்தவர்களில் கணிசமான பேருக்கு ஒரே வியாதி. வயிற்று வலி.

சாதாரண வலி இல்லை. மேல் வயிற்றில் தீயாய் எரிச்சல். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். ஏதாவது தின்றால் கொஞ்சம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போய், இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்குகிற வாசலில் புண் வந்து வந்து ஆறி, ஆறின இடம் தழும்பாகி, தழும்பு இறுகி வாசலே அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டது கீழே இறங்காது. முந்தின நாள் சோறு மறுநாள் வாந்தியாக வரும். எலும்பும் தோலுமாக ஆளைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வருவார்கள். பெரும்பாலும் ஆண்கள். உழைக்கிற வயசு. அவன் படுத்தால் வீட்டில் உலை கொதிக்காது.

சிறுகுடல் புண். டியோடினல் அல்சர். அன்றைக்கு மாத்திரை கிடையாது. பால் குடி, சோடா உப்பு சாப்பிடு, அவ்வளவுதான். அடைத்துக்கொண்டவனுக்குக் கத்திதான் கதி. சோமர்வெல்லும் அவர் கூட்டாளிகளும் இரைப்பையின் பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டு, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு சேர்த்துத் தைத்தார்கள். அடைத்த முன்வாசலை விட்டுவிட்டுப் பின்வாசல் திறப்பது மாதிரி. சில பேருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். இந்த அறுவையில் நெய்யூர் கை உலகத்தில் பேசப்படுகிற கையாக ஆனது. 1936-ல் சோமர்வெல்லும் அவருடைய சக டாக்டர் ஆர் என்பவரும் சேர்ந்து எழுதிய அல்சர் கட்டுரை, பிரிட்டனின் அறுவை சிகிச்சைப் பத்திரிகையில் வந்தது. லண்டன் சர்ஜன்கள் வாழ்நாளில் பார்க்க முடியாத எண்ணிக்கையில் இவர்கள் வயிற்றைத் திறந்து பார்த்திருந்தார்கள்.

எத்தனை திறந்தாலும் ஒரு கேள்வி மட்டும் மூடவில்லை. ஏன் இங்கே இவ்வளவு?

பஞ்சாபில் இந்த வியாதி அபூர்வம். தென் திருவிதாங்கூரில் வீட்டுக்கு வீடு. குற்றவாளி யார்?

சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் மரச்சீனி. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சம் வந்தால் ஏழை வயிறு நிறையட்டும் என்று பரப்பிய கிழங்கு. நல்ல மனசோடு செய்த காரியம். பசி அடங்கியது. ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? இரண்டாவது சந்தேகம், அதற்குத் தொட்டுக்கொள்கிற மீன்கறி. வத்தலும் நல்லமிளகும் அரைத்து ஊற்றிய குழம்பு. மூன்றாவது, தீட்டிய அரிசிச் சோறு.

குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன் என்ற விஞ்ஞானி எலி வளர்த்துக்கொண்டிருந்தார். இந்தியாவின் ஒவ்வொரு ஜனக்கூட்டமும் என்ன சாப்பிடுகிறதோ, அதையே எலிக்கும் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. சீக்கியச் சாப்பாடு சாப்பிட்ட எலி கோதுமைச் சப்பாத்தியும் பாலும் வெண்ணெயுமாகக் கொழுகொழுவென்று இருந்தது. திருவிதாங்கூர் ஏழைச் சாப்பாடு சாப்பிட்ட எலிகளில் கால்வாசிக்கு மேல் வயிற்றில் புண். நெய்யூர் டாக்டர் ஆரும் இதே எலி ஆராய்ச்சியில் பிற்பாடு இறங்கினார். தீர்ப்பு கிட்டத்தட்ட எழுதியாகிவிட்டது. சாப்பாடுதான் குற்றவாளி.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பாலன்ஸ் போடுகிறோம், டேலி ஆகவில்லை. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்ற தலைப்பில் தூக்கிப் போட்டு வைப்போம். மருத்துவ உலகம் அடுத்த ஐம்பது வருஷத்துக்கு அதைத்தான் செய்தது. காரம் என்றார்கள். காப்பி என்றார்கள். புகையிலை என்றார்கள். ஆபீஸ் டென்ஷன் என்றார்கள். 'நீ ரொம்ப கவலைப்படறே, அதான் அல்சர்' என்று சொல்லி நோயாளி தலையிலேயே பழியைக் கட்டினார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு மாமா இந்தப் பழியைச் சுமந்திருப்பார்.

கிருமி என்று யாருக்கும் ஏன் தோன்றவில்லை?

தோன்றியது. தோன்றியவர்களை உட்கார வைத்துவிட்டார்கள். இரைப்பை ஒரு அமிலத் தொட்டி. அதில் எதுவும் உயிர் வாழாது என்பது பாலபாடம். 1954-ல் பால்மர் என்ற அமெரிக்க டாக்டர் 1,180 வயிறுகளிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, கிருமியே இல்லை என்று அடித்துச் சொன்னார். அவர் போட்டுப் பார்த்த சாயம் கிருமியைக் காட்டாத சாயம். அது வேறு கதை. கிரீஸ் தேசத்தில் லைகூடிஸ் என்ற டாக்டர் அல்சருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தினார். 1968-ல் அவருக்கு அபராதம் போட்டார்கள். கொடுமை.

இப்போது நெய்யூரிலிருந்து கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். பெர்த் நகரம். 1979 ஜூன். ராபின் வாரன் என்ற நோயியல் டாக்டர், ஒரு நோயாளியின் இரைப்பைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். மேல்பரப்பில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு. உற்றுப் பார்த்தால் கோடு இல்லை, வளைந்து நெளிந்த பாக்டீரியாக் கூட்டம். அதற்குக் கீழே சதைக்குள் வெள்ளையணுக்கள் திரண்டு நிற்கின்றன. கலவரம் நடக்கிற தெருவில் போலீஸ் வேன் நிற்கிற மாதிரி. போலீஸ் நிற்கிறது என்றால் எதையோ பார்த்துத்தானே நிற்கிறது?

1981-ல் பாரி மார்ஷல் என்ற துடிப்பான இளைஞர் அவரோடு சேர்ந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்ட வேண்டும். தட்டில் போட்டார்கள், இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் தூக்கி எறிவது வழக்கம். ஒன்றும் முளைக்கவில்லை. 1982 ஈஸ்டர் லீவு வந்தது. ஆய்வகத்தில் வேறு வேலை நெருக்கடி. தட்டை எறிய யாருக்கும் நேரமில்லை. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் தட்டில் கிருமி ஜோராக முளைத்திருந்தது. மெதுவாக வளர்கிற ஜாதி அது. இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

வளர்த்துக் காட்டினால் போதாது. அதை ஆரோக்கியமான ஒரு உடம்புக்குள் விட்டு, நோய் வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். எந்த உடம்பு? மார்ஷல் தேர்ந்தெடுத்தது பன்றிக்குட்டியை.

நம் ஊரில் பன்றி என்றாலே வசவு. வராக அவதாரத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற அதே ஊரில்! ஆனால் மருத்துவ விஞ்ஞானத்துக்குப் பன்றி நெருங்கின சொந்தக்காரர். நம்மைப் போலவே எல்லாம் தின்னும். இரைப்பை அமைப்பு கிட்டத்தட்ட நம்முடையது. பன்றி இதயத்து வால்வுகள் எத்தனையோ மனித நெஞ்சுகளில் துடித்துக்கொண்டிருக்கின்றன.

மார்ஷலின் பன்றிக்குட்டிகள் கிருமியைத் தின்றன. வளர்ந்தன. கொழுத்தன. வியாதி மட்டும் வரவில்லை! கொழுத்த பன்றியைப் பிடித்து வாய்க்குள் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் வெறுத்துப்போய், 1984-ல், தன் வயிறு சுத்தமாக இருக்கிறது என்று முதலில் சோதித்துக்கொண்டு, கிருமிக் கரைசலைத் தானே எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி. வாய் நாற்றம். பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தால் வயிறு அழன்றிருந்தது. கிருமியும் இருந்தது, அதைச் சுற்றி வெள்ளையணுப் படையும் இருந்தது. அல்சர் வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டார். 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு.

பத்திரிகைகளில் வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். கிருமிதான் வில்லன், மாத்திரைதான் ஹீரோ, சுபம். எனக்கென்னவோ இதற்கப்புறம்தான் சுவாரசியம். பன்றிக்குட்டிகள் மறுபடி வருகின்றன.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகம். ஸ்டீவன் கிராகோவ்கா என்ற கால்நடை நோயியல் விஞ்ஞானியின் குழு, மார்ஷல் தோற்ற இடத்தில் வேறு மாதிரிப் பன்றியோடு இறங்கியது. தாயின் கர்ப்பப்பையிலிருந்து நேரே கிருமியே இல்லாத கூண்டுக்குள் எடுத்து வளர்த்த குட்டிகள். வாயில், குடலில், தோலில் ஒரே ஒரு பாக்டீரியாகூடக் கிடையாது. சாதாரணப் பன்றியின் வயிற்றில் அதற்கே உரிய வேறு ஹெலிகோபாக்டர்கள் குடியிருக்கும். இந்தக் குட்டியின் வயிறோ காலி வீடு. 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். கிருமி குடியேறிவிட்டது. வயிறும் அழன்றது.

காலி வீடு என்பதால் ஒரு சௌகரியம். இந்தக் கிருமி வந்தவுடன் உடம்பின் காவல் படை என்ன செய்கிறது என்று வேறு குழப்பம் இல்லாமல் பார்க்கலாம். அதுவரை வெறிச்சோடிக் கிடந்த குட்டியின் இரைப்பைச் சுவரில் லிம்போசைட்டுகள் வந்து கூடின. சும்மா கூடவில்லை, உருண்டை உருண்டையாகப் பாளையம் இறங்கின. ரத்தத்தில் அந்தக் கிருமிக்கென்றே ஆன்டிபாடி உருவானது. யூரியேஸ் என்ற என்சைம் இல்லாத கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் குடியேற முடியவில்லை. இந்த என்சைமை வைத்துத்தான் அது அமோனியா தயாரித்துத் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. அமிலத் தொட்டியில் எதுவும் வாழாது என்ற பாலபாடத்தைக் கிருமி படிக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்து 1992-ல் வந்த முடிவுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கேத்ரின் ஈட்டனும் கிராகோவ்காவும் பன்றிக்குட்டிகளுக்கு முதலில் செத்த கிருமியை ஊசியாகப் போட்டார்கள். தடுப்பூசி மாதிரி. படைக்கு எதிரியின் போட்டோவைக் காட்டிப் பயிற்சி கொடுத்தாயிற்று. அப்புறம் உயிருள்ள கிருமியைக் கொடுத்தார்கள். நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? வயிறு தப்பித்திருக்கும் என்றுதானே?

தப்பிக்கவில்லை. ஊசி போடாத குட்டிகளின் வயிற்றில் அதிகம் தென்படாத நியூட்ரோபில்கள், ஊசி போட்ட குட்டிகளின் வயிற்றில் கும்பலாக வந்து இறங்கியிருந்தன. வெள்ளையணுக்களில் இவை கமாண்டோ ரகம். வந்தால் எதிரியை மட்டும் அடிக்காது. குண்டு போட்டுத் தெருவையே நாசம் பண்ணும். அதே கிருமி. அதே பன்றி ஜாதி. படை அதை எப்படிப் படித்து வைத்திருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். புண்பட்டது வயிறு.

'படித்தது' என்று சும்மா சொல்லவில்லை. நம் காவல் செல்களுக்குக் கண் கிடையாது. அவற்றின் மேல்தோலிலும் உள்ளேயும் கொக்கி மாதிரி புரதங்கள் உண்டு. டோல் ரிசெப்டர்கள் என்று பெயர். பாக்டீரியாவின் வால் ஒரு கொக்கியில் மாட்டும். அதன் மேலுறைக் கொழுப்பு இன்னொன்றில். மாட்டியவுடன் செல் அலாரம் அடிக்கிறது, ரசாயனத் தந்தி பறக்கிறது, படை வருகிறது. இந்த வித்தையைக் கண்டுபிடித்ததற்காக 2011-ல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் நோபல் பரிசில் பங்கு. மனிதனுக்கு இந்தக் கொக்கி பத்து வகை. பன்றிக்கும் அதே பத்து. எலிக்குப் பத்தாம் நம்பர் வேலை செய்வதில்லை. பதிலாக நம்மிடம் இல்லாத சில வகைகள் உண்டு. மனித வயிற்றுச் சண்டையைப் புரிந்துகொள்ள எலியைவிடப் பன்றி பல இடங்களில் நல்ல சாட்சி என்று விஞ்ஞானிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வயிற்றுக் கிருமி இந்தக் கொக்கிகளை நன்றாக அறிந்த கள்ளன். சாதாரணக் கிருமியின் வால் பட்டால் ஐந்தாம் நம்பர் கொக்கி அலறும். இதன் வாலில் அந்த இடமே மாறியிருக்கிறது, மாட்டாது. மேலுறைக் கொழுப்பும் அப்படித்தான், ரொம்ப மெதுவாகத்தான் உறுத்தும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ரகம். ஆனால் சில வகைக் கிருமிகளுக்கு ஒரு ஊசி உண்டு. இரைப்பைச் செல்லுக்குள் குத்தித் தன் புரதத்தை இறக்கும். அப்போது கிருமிச் சுவரின் துணுக்கும் உள்ளே சிந்திவிடுகிறது. செல்லுக்குள் இருக்கிற வேறொரு காவலாளி அதைப் பிடித்துவிடுகிறான். அலாரம். நியூட்ரோபில்கள். வருஷக்கணக்கில் அணையாத சண்டை.

ஒழிக்கவும் முடியாமல், சும்மா விடவும் முடியாமல் நடக்கிற அந்தச் சண்டையில் அமிலத்தை அடக்கி வைக்கிற செல்கள் சோர்ந்து போகின்றன. அமிலம் கூடுதலாகச் சுரக்கிறது. அது வாசல் தாண்டி சிறுகுடலின் முதல் முழத்தில் கொட்டி, அங்கே புண்ணாகிறது. நெய்யூர் டேபிளில் சோமர்வெல் திறந்து பார்த்த புண் இதுதான். கத்தி போட்டு வழி திறந்தார். உள்ளே இருந்த குடியிருப்பாளனை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கிற சாயம் அவரிடம் இல்லை. வழி திறந்த பிறகும் சில பேருக்குத் தையல் போட்ட இடத்திலேயே மறுபடி புண் வந்தது.

அப்படியானால் மரச்சீனிக்கு விடுதலையா? மீன்கறி நிரபராதியா?

அவசரப்படாதீர்கள். டிரையல் பாலன்ஸ் இன்னும் டேலி ஆகவில்லை.

இந்தக் கிருமி தென் திருவிதாங்கூரில் மட்டும் இருந்தால் கணக்கு முடிந்தது. பஞ்சாபிலும் இருக்கிறது. இந்தியா முழுக்கப் பெரியவர்களில் பாதிக்கு மேல் இதைச் சுமக்கிறார்கள். உலகத்தில் ஏறக்குறைய பாதி ஜனம். சுமக்கிறவர்களில் நூற்றுக்குப் பத்து, இருபது பேருக்குத்தான் வாழ்நாளில் அல்சர் வருகிறது. மற்றவர்கள் ஒன்றும் தெரியாமலே செத்துப்போகிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் ஒரே கிருமி இருக்க, தெற்கே மட்டும் ஏன் அந்தப் பாடு?

மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருந்த பிராங்க் டோவி என்ற இங்கிலாந்துக்காரர் இந்தக் கேள்வியை விடவே இல்லை. இந்தியாவின் எந்தெந்த ஜில்லாவில் எத்தனை அல்சர் என்று வரைபடம் போட்டார். அரிசிப் பிரதேசத்தில் அதிகம், கோதுமைப் பிரதேசத்தில் குறைவு. ரயில்வே டாக்டர் மல்ஹோத்ராவும் ரயில்வே ஊழியர்களை வைத்து அதையே சொன்னார். மென்று தின்னும்போது ஊறுகிற எச்சில் வயிற்றைக் காக்கிறது, குழைந்த சோற்றுக்கு மெல்லுகிற வேலையே இல்லை என்பது அவர் வாதம். தானியத்தின் தவிட்டிலும் எண்ணெயிலும் வயிற்றைக் காக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது, தீட்டித் தீட்டி அதை எறிந்துவிடுகிறோம் என்றது டோவியின் வாதம். இரண்டுமே எல்லோரும் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அல்ல. ஆனால் இந்த வரைபடத்தை ஒரு கிருமியை மட்டும் வைத்து விளக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

2000-ம் ஆண்டில் எல் ஓமர் என்ற விஞ்ஞானியின் குழு இன்னொரு சங்கதி சொன்னது. கிருமி வந்தவுடன் நம் செல்கள் அனுப்புகிற ரசாயனத் தந்திகளில் ஒன்று இன்டர்லூக்கின் ஒன்று. பிறவியிலேயே சில பேருக்கு அது அதிகமாகப் பறக்கும்படி ஜீன் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வயிறு அமிலமே சுரக்காமல் வற்றி, பிற்காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் வருகிற ஆபத்து கூடுதல். ஒரே வாடகைக்காரன், ஒரு வீட்டில் அமிலம் பெருகி அல்சர், இன்னொரு வீட்டில் அமிலம் வற்றிப் புற்று, மூன்றாவது வீட்டில் ஒன்றுமே இல்லை. யார் வீட்டுக் காவல்காரன் எப்படிப்பட்டவன் என்பதைப் பொறுத்து.

ஆக, குன்னூர் எலிகள் சொன்னது முழுப் பொய் இல்லை. மூன்று வேளையும் மரச்சீனி தின்று பால் காணாத வயிற்றில் சண்டை நடப்பதும், நெய்யும் மோரும் கண்ட வயிற்றில் நடப்பதும் ஒன்றாக இருக்க முடியாது என்றுதான் என் அறிவுக்குப் படுகிறது. 1930-களில் நெய்யூருக்குக் கட்டிலில் வந்தவனின் குற்றம் காரமும் இல்லை, கவலையும் இல்லை. வறுமையில் பாதியும் கிருமியில் பாதியும் என்று வேண்டுமானால் சொல்லலாம். நெரிசலான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், ஒரே பாத்திரம். இந்தக் கிருமி குழந்தைப் பருவத்திலேயே வீட்டுக்குள் ஒட்டிக்கொள்கிறது. அதுவும் வறுமையின் முகவரிதான்.

இன்றைக்கு அல்சருக்காக வயிற்றைக் கிழிப்பது அபூர்வமாகிவிட்டது. அமிலத்தை அடக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக், இரண்டு வாரம். மூச்சை ஊதச் சொல்லிக்கூடக் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்பில், 'அண்ணே, ஒரு பாண்டோபிரசோல்' என்று வாங்கி, காலையில் காப்பிக்கு முன்னால் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். எரிச்சல் அடங்கும். வாடகைக்காரன் அங்கேயே இருப்பான். அந்த மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமாவது ஆகாமல் சோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிடக்கூடும். (மாத்திரை அடைக்கிற அமிலப் பம்பை விஞ்ஞானிகள் அலசி ஆராய்ந்தது எந்த இரைப்பையில் தெரியுமா? பன்றியின் இரைப்பையில்தான்.) ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி, இந்தியக் கிருமிகள் பல மருந்துகளுக்குப் பழகியும் போய்விட்டன.

தடுப்பூசி? சீனாவில் குழந்தைகளுக்கு வாய்வழி மருந்து கொடுத்துப் பார்த்து, முதல் வருஷத்தில் நல்ல பலன் என்று 2015-ல் அறிவித்தார்கள். கடைக்கு இன்னும் வரவில்லை. படைக்கு எதிரியைக் காட்டிக் கொடுப்பது சுலபம். காட்டிக் கொடுத்தபின் அது தெருவைக் கொளுத்தாமல் திரும்ப வேண்டுமே. அதுதான் அந்த ஊசி போட்ட பன்றிக்குட்டிகள் விட்டுப்போன கேள்வி.

சோமர்வெல் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நெய்யூரில் இருந்தார். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் அங்கே பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை சொல்லிக் கொடுத்தார். அவர் தென் திருவிதாங்கூரை விட்டு ஏழு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1-ம் தேதி, அந்த மண் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1961-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1975 ஜனவரியில் இறந்தார். பெர்த்தில் வாரன் அந்த நீலக் கோட்டைப் பார்த்தபோது அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

குமரி எல்லையைத் தாண்டினால் கேரளப் பக்கம் காரக்கோணம். அங்கே அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டாம் வருஷ மைக்ரோபயாலஜியில் ஹெலிகோபாக்டர் பைலோரி ஒரு பாடம்.